தடயமும் எனது ராசியான கையும்

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு இயந்திரம் நின்றுபோனால் அதை ஓட வைக்க ஆயிரம் பேர் ஓடிவருவார்கள். நின்றது நின்றபடியே இருக்கட்டும், யாரும் தொடாதீர்கள் என்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே நிற்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொறுப்பான சிஸ்டம் அட்மின். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. கேட் வாட்ச்மேன் முதல் பிளான்ட் மேனேஜர் வரை மற்ற எல்லோருக்கும் அவர் 'தடயம்'தான்.

பெயர் வந்த கதை சின்னது. அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் ஸ்டோர்ஸில் ஒரு கம்ப்யூட்டர் திரை அப்படியே உறைந்துவிட்டது. ஸ்டோர்ஸ்காரர் வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்துப் போடுவதற்காகக் குனிந்தார். வாசலிலிருந்து வந்த குரலில் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"கைய எடு குரு. தடயம் அழிஞ்சிடும்."

பத்து மணி டீ வருவதற்குள் பெயர் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. அவருக்கோ உலகத்தில் எல்லோரும் குரு. ஓசூருக்கு வந்தால் கன்னடக்காரர்களிடமிருந்து தொற்றிக்கொள்ளும் பழக்கம் அது. சிங்காரப்பேட்டைக்காரரான அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே தொற்றியிருந்தது. பிளான்ட் மேனேஜரை மட்டும் மரியாதையாக 'குரு சார்' என்பார்.

சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச், ஒரு பூதக்கண்ணாடி. இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு மஞ்சள் கறுப்பு டேப் சுருள். ஷாப் ஃப்ளோரில் ஆபத்தான இடத்தைச் சுற்றி ஒட்டுவார்களே, அந்த டேப். எது நின்றாலும் முதலில் அதைச் சுற்றி டேப் ஒட்டுவார். அப்புறம் நோட்டை எடுத்து, கடைசியாகத் தொட்டது யார், எத்தனை மணி எத்தனை நிமிடம், தொடும்போது வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருந்தாயா என்று விசாரணை ஆரம்பிக்கும்.

ஒரு நாள் கேன்டீன் காபி மிஷின் பாதி டம்ளரில் நின்றது. அதற்கு இடது விலாவில் ஒரு அடி கொடுத்தால் போதும், மீதி காபி வந்துவிடும் என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். தடயம் அடிக்கவிடவில்லை. டேப் ஒட்டி, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆட்கள் நாற்பது பேரை டம்ளரோடு நிற்க வைத்து, நாற்பது நிமிடம் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பால் பவுடரில் ஒரு கட்டி. "அடிச்சா கட்டி உள்ள போவும், நாளைக்கு மறுபடி நிக்கும். இப்ப நிக்காது" என்றார். உண்மைதான், அதற்குப் பிறகு அந்த மிஷின் நிற்கவே இல்லை. ஆனால் அன்றைக்குக் காபி கிடைக்காத நாற்பது பேரும் அதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். மைத்துனி கல்யாண வரவேற்புக்கு மனைவியோடு கிளம்பியவருடைய வண்டி ராயக்கோட்டை ரோட்டில் நின்றுவிட்டது. இன்னொரு தரம் உதைக்க மாட்டேன் என்று பட்டுச் சட்டையோடு கல்வெர்ட்டின் மேல் உட்கார்ந்து வண்டியையே பார்க்க ஆரம்பித்தார். அவர் மனைவி ஐந்து நிமிடம் பொறுத்தார். பிறகு டவுன் பஸ்ஸைப் பிடித்துப் போய், மொய் எழுதி, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். கணவர் அதே கல்வெர்ட்டில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் ஆபீஸில் விசாரித்தேன். "என்னய்யா ஆச்சு வண்டிக்கு?"

"பெட்ரோல் தீந்துபோச்சு குரு. ரெண்டு மணி நேரத்துல கண்டுபிடிச்சிட்டேன்."

"ரிசர்வ்ல போட்டு உதைச்சிருந்தா அப்பவே ஓடியிருக்குமே."

"ஓடியிருக்கும். ஆனா எதனால நின்னுதுன்னு எப்படித் தெரியும்?"

அதிலிருந்து அந்த வீட்டில் மிக்சி நின்றால் அவர் மனைவி மூச்சு விடமாட்டார். அதைக் காய்கறிப் பையில் வைத்து மேலே நாலு கீரைக்கட்டைப் போட்டு மூடி, பக்கத்துத் தெரு கடைக்குக் கொண்டுபோய் ரிப்பேர் செய்துகொண்டு வந்துவிடுவார்.

இனி என் கதைக்கு வரவேண்டும். நான் அந்தக் கம்பெனியில் சரக்கை லாரி ஏற்றி அனுப்பும் டிஸ்பாட்ச் செக்ஷன் இன்சார்ஜ். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஓசூரிலேயே தங்கிவிட்டவன். நாங்கள் செய்வது வண்டிகளுக்கான பிரேக் சாமான்கள். கம்ப்யூட்டரில் கேட் பாஸ் போட்டால்தான் லாரி கேட்டைத் தாண்டும். அந்தக் கேட் பாஸ் எங்கிருந்து வருகிறது என்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் தடயத்திடம் கேட்டதற்கு, அவரைக் கையைப் பிடித்துக் கேன்டீனுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"இதோ நிக்கறாரு பாருங்க குரு, சப்ளையர். இவர்தான் வெப் சர்வர். உங்ககிட்ட சிரிச்சிகினு வந்து என்ன வேணும்னு கேப்பாரு. அவருக்கு ஒரு தோசை கூட ஊத்தத் தெரியாது. உள்ள நிக்கறாரே மாஸ்டர், அவர்தான் ஜாவா சர்வர். தோசை மொத்தமும் அவர் கையில. ஆனா அவர் மொகத்த நீங்க பாக்க மாட்டீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கு பாருங்க ஒரு ஜன்னல், அது வழியாத்தான் எல்லாப் பேச்சும். தோசை வரலைன்னா நீங்க சப்ளையரத் திட்டுவீங்க. அவர் மாஸ்டரத் திட்டுவாரு. ஜன்னல யாரும் பாக்கறதில்ல."

வந்தவருக்கு விளங்கியதோ இல்லையோ, இரண்டு தோசை கிடைத்தது. எனக்கு நன்றாக விளங்கியது. இந்தக் கதைக்கும் அவ்வளவு தெரிந்தால் போதும்.

போன வருஷம் கம்பெனி பெரிதாகி, பாகலூர் ரோட்டில் யூனிட் டூ திறந்தார்கள். மாஸ்டரை, அதாவது ஜாவா சர்வரை, அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். சப்ளையர் எங்கள் பழைய கட்டிடத்திலேயே இருந்தார். ஜன்னல் இப்போது மூன்று கிலோமீட்டர் நீளம். திருடன் யாரும் அந்த வழியாக நுழைந்துவிடக் கூடாதென்று தலைமை அலுவலகத்தார் நடுவில் ஃபயர்வால் என்று ஒரு காவல் பெட்டியையும் பொருத்திவிட்டுப் போனார்கள். தேங்காய் உடைத்து, இரண்டு சர்வருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். அன்றைக்கு மத்தியானமே கேட் பாஸ் நின்றுபோனது.

மறுநாளும் மத்தியானம் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. காலையில் எல்லாம் நன்றாகவே ஓடும். பன்னிரண்டரைக்கு ஆபீஸ் மொத்தமும் சாப்பிடப் போகும். ஒன்று ஐந்துக்கு மஞ்சுளா வந்து உட்கார்ந்து முதல் பாஸை அடிப்பாள். திரையில் சக்கரம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் வந்து உட்காருகிறவர்களுக்கும் அதே சக்கரம்தான். கேட்டில் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கும்.

மஞ்சுளா பாகலூர்ப் பெண். எங்கள் செக்ஷனில் டிரெய்னியாகச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு ரோஜாப் பண்ணையில் பூப் பறித்துக்கொண்டிருந்தவள், முள் குத்தாத வேலை என்று சொல்லி இங்கே வந்தவள். மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானால் இங்கே இருக்கலாம்; இல்லாவிட்டால் திரும்பவும் ரோஜாப் பண்ணைதான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதனால் அவள் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முந்தி சீட்டுக்கு வந்துவிடுவாள். முந்தி வந்ததுதான் வினையாகிவிட்டது.

"அந்தப் பொண்ணு கை வச்சா சிஸ்டம் படுத்துக்குது" என்று முதலில் யார் சொன்னார்களோ தெரியாது. ஒரு வாரத்தில் அதை எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் அவளை எழுந்திருக்கச் சொல்லி, அவள் சீட்டில் வேறொருவர் உட்கார்ந்து முதல் பாஸை அடித்துப் பார்த்தார். அதுவும் நின்றது. உடனே, அவள் பின்னால் நின்று பார்த்ததால்தான் நின்றது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் முதல் பாஸ் போட்டு முடிக்கும்வரை அவள் வராந்தாவில் நிற்கவேண்டும் என்று பிளான்ட் மேனேஜரே வாய்மொழியாக உத்தரவு போட்டார். படித்த மனிதர்தான்.

"நானேனு மாடில்ல சார். எண்ட்டர் தட்டினேன், அஷ்டே" என்று என்னிடம் வந்து நின்றாள். தான் ஒன்றும் செய்யவில்லை, எண்ட்டர் தட்டினதோடு சரி என்கிறாள்; அவளுக்குப் பதற்றம் வந்தால் தமிழில் பாதி கன்னடமாகிவிடும். நான் அவளுக்குத் தைரியம் சொல்லி அனுப்பினேன். சொல்லும்போது என் மனசாட்சி லேசாகத் தொண்டையைச் செருமியது. அது ஏன் என்று இப்போது சொல்லிவிட வேண்டும்.

தடயத்துக்கு முன்னால் இருந்த சிஸ்டம் அட்மின் என் கம்ப்யூட்டர் திரையில் ஐகான் என்று ஒரு சின்னப் படம் வைத்திருந்தார். "நான் லீவுல இருந்தா போன் போட்டு உயிர எடுப்பீங்களே, அதுக்குப் பதிலா இத ரெண்டு தட்டு தட்டுங்க" என்பார். இரண்டு தட்டு தட்டினால் சப்ளையர், மாஸ்டர் இருவரும் ஒரே நேரத்தில் செத்துப் பிழைத்து எழுந்து வருவார்கள். எல்லாம் சரியாகிவிடும். தடயத்தின் கண்ணில் பட்டால் அழித்துவிடுவாரே என்று அந்தப் படத்துக்கு 'சித்தப்பா மகன் கல்யாண போட்டோ' என்று பெயர் மாற்றி வைத்திருந்தேன். அடுத்தவன் வீட்டுக் கல்யாண போட்டோவை யாரும் தானாகத் திறந்து பார்ப்பதில்லை.

எனக்குச் சாப்பிட்டதும் கால் மணி நேரம் கண்ணயர்ந்தாக வேண்டும். ஒன்று இருபதுக்கு எழுந்து வருவேன். ஆபீஸே கலவரமாக இருக்கும். "நகருங்க, நான் பாக்கேன்" என்று என் இடத்தில் உட்கார்ந்து, கல்யாண போட்டோவை இரண்டு தட்டு தட்டிவிட்டு, எழுந்து போய் மஞ்சுளாவின் கம்ப்யூட்டரில் ஒரு எண்ட்டர் அடிப்பேன். கேட் பாஸ் வழுக்கிக்கொண்டு வரும்.

இப்படியாக நான் ராசியான கைக்காரன் ஆனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது சுகமாக இருந்தது. புது ஃபோர்க்லிஃப்ட் வந்தபோது முதல் சாவி என்னைத்தான் போடச் சொன்னார்கள். மெஷின் ஷாப்பில் ஒருவர் மகளுக்கு ஜாதகம் எடுக்கப் போகும்முன் என் கையால் ஜாதகக் கட்டைத் தொட்டுக் கொடுக்கச் சொன்னார். தொட்டுக் கொடுத்தேன். என் கை எவ்வளவுக்கு எவ்வளவு ராசியானதோ, மஞ்சுளாவின் கை அவ்வளவுக்கு அவ்வளவு ராசியில்லாததாக ஆகிக்கொண்டு வந்தது. அதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

தடயம் அந்த இரண்டு வாரமும் யூனிட் டூவில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். செய்தி கேட்டு வண்டியில் வந்து சேருவதற்குள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். சர்வர் அறையில் கால் வைத்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். யாரோ ரீஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். வெளியே வந்து புலம்புவார்.

"எழுந்து நடமாடற பொணத்த நான் எப்படி குரு போஸ்ட்மார்ட்டம் பண்றது?"

யார் செய்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். என்னையும் கேட்டார். தெரியவில்லையே என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். நான் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

மஞ்சுளாவின் ரிப்போர்ட் மேலே போக நான்கு நாள் இருந்தது. 'இவர் பணியாற்றும்போது சிஸ்டம் அடிக்கடி முடங்குகிறது' என்று ஒரு வரி அதில் ஏறிவிட்டதாகத் தெரிந்தது. அவள் நேராகத் தடயத்திடம் போய், தன் கையில் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். அவரும் பூதக்கண்ணாடியை எடுத்து, இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய முள் தழும்புகள் மட்டும் இருந்தன.

"ஒண்ணும் இல்லம்மா. நல்ல கை. நாளைக்குப் பொறு" என்றார். அவர் 'குரு' என்று சொல்லாமல் பேசியதை நான் முதல் தடவையாக அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் சர்வர் அறையைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். யார் ரீஸ்டார்ட் செய்தாலும் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எதைத் தட்டி என்று எழுதி வைக்கும்படி ஒரு ஏற்பாட்டையும் முதல் நாளே செய்துவிட்டார். எனக்கு அது தெரியாது. ஒன்று ஐந்துக்குச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. கேட்டில் ஏழு லாரி நின்றது. என் கை கேட்கவில்லை. ஒன்று இருபத்தொன்றுக்கு இரண்டு தட்டு தட்டிவிட்டேன்.

ஒன்று இருபத்திரண்டுக்குத் தடயம் என் மேஜைக்கு முன்னால் நின்றார். சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கல்யாண போட்டோ காட்டேன் குரு, பாக்கலாம்."

சுற்றி ஆட்கள் இருந்தார்கள். நான் மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும், எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். பதினாறு நாள் என்றேன்.

"பதினாறு நாள் தடயம்" என்று பெருமூச்சு விட்டார். "சரி, உன்னக் காட்டிக் குடுக்கப் போறதில்ல. நாளைக்கு ஒரு நாள் உன் கைய எனக்குக் குடு."

கொடுத்தேன். மறுநாள் பன்னிரண்டரைக்கு, நான் தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும், என் இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து மஞ்சள் கறுப்பு டேப்பால் சுற்றிவிட்டார். "தூங்கப் போவாத. ஒன்னஞ்சுக்கு மஞ்சுளாகிட்டச் சொல்லி முதல் பாஸ அடிக்கச் சொல்லு. நின்னா நிக்கட்டும். நான் யூனிட் டூவுல மாஸ்டர் பக்கம் இருப்பேன். போன ஸ்பீக்கர்ல போட்டு மேசை மேல வையி."

சொன்னபடியே அடித்தாள், சொன்னபடியே நின்றது. ஒன்றரைக்கு லாரிக்காரர்கள் உள்ளே வந்து கத்தினார்கள். ஒன்றே முக்காலுக்குப் பிளான்ட் மேனேஜர் வந்தார்.

"என்னங்க, உங்க ராசியான கைய வையுங்க சீக்கிரம். சாமான் போகலைன்னா கஸ்டமர் ஃபேக்டரியே நிக்கப் போவுது."

கைகளைத் தூக்கிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். கம்பெனி வரலாற்றில் கை கட்டப்பட்ட டிஸ்பாட்ச் இன்சார்ஜை அவர் பார்த்ததில்லை. ஏசியைக் கொஞ்சம் கூட்டச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மேஜை மேலிருந்த போனில் தடயத்தின் குரல் வந்தது. "குரு, கவனமாக் கேளு. காலைலயே நம்ம வெப் சர்வரப் பாத்துட்டுத்தான் வந்தேன், இப்பவும் இங்கேர்ந்து பாக்கறேன். சப்ளையரக் கேட்டா, மாஸ்டரோட பேச எட்டு லைன் தெறந்து வச்சிருக்கேன், கேட்டுட்டேன், பதிலுக்குக் காத்துகினு இருக்கேன்னு சொல்றாரு. இங்க மாஸ்டரப் பாத்தா, ஒரு லைனும் இல்ல, எவனும் எங்கிட்ட எதுவும் கேக்கலைன்றாரு. ரெண்டு பேரும் பொய் சொல்லல. அப்ப..."

அதோடு குரல் நின்றுவிட்டது. நான் பொறுத்துப் பார்த்தேன். மஞ்சுளா "சார், சார்" என்று போனைப் பார்த்துக் கூப்பிட்டாள். பதில் இல்லை. நாலு நிமிடம் கழித்து மறுபடி மணி அடித்தது.

"இப்ப சொல்லு குரு, நான் சொன்னது சரியா தப்பா?"

"எதய்யா? 'அப்ப'ன்னு சொன்ன, அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கலையே."

"வெளையாடாத. மூணு நிமிஷம் விளக்கமா பேசினேன், காம்பவுண்டு ஓரமா நடந்துகினே."

"யாருகிட்ட பேசின?"

பாகலூர்க்காரி மஞ்சுளாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "சார், காம்பவுண்டு ஓரம் போனா கர்நாடகா டவர் எடுக்கும் சார். லைன் கட் ஆகும், சொல்லவே சொல்லாது. நம்ம பாட்டுக்குப் பேசிட்டே இருப்போம். எங்கப்பா தெனமும் அப்படித்தான் பேசுவாரு."

"அம்மா, அத இன்னொரு வாட்டி சொல்லு" என்றார் தடயம். அவள் சொன்னாள். அதற்கப்புறம் அவர் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்டது. பிளான்ட் மேனேஜர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

விஷயம் அவ்வளவுதான். நடுவில் இருந்த காவல் பெட்டி, அரை மணி நேரம் யாரும் பேசாத லைனைத் துண்டித்துவிடும். துண்டித்ததைச் சப்ளையரிடம் சொல்லாது. காலை முழுக்க நாங்கள் பாஸ் அடித்துக்கொண்டே இருப்பதால் லைன் உயிரோடு இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸே எழுந்து போய்விடுவதால் எல்லா லைனும் செத்துவிடும். திரும்பி வந்து முதலில் உட்காருகிறவர் செத்த லைனில் பேசுவார். முதலில் உட்காருகிறவள் மஞ்சுளா. அவள் கையில் ஒன்றும் இல்லை. அவள் நேரத்துக்கு வந்தாள், நாங்கள் வரவில்லை.

அன்று மாலைக்குள் தடயம் சரிசெய்துவிட்டார். சாப்பாட்டு நேரத்திலும்கூட ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வெப் சர்வர் ஜாவா சர்வரை 'இருக்கியா?' என்று கேட்கும். அது 'இருக்கேன்' என்று சொல்லும். சொல்லாவிட்டால் அந்த லைனை விட்டுவிட்டு வேறு லைன் போட்டுக்கொள்ளும். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அவ்வளவு சின்ன வைத்தியம் என்றதும் தலைமை அலுவலகத்தாருக்கே கொஞ்சம் வருத்தம்.

ஆனால் சரிசெய்வதற்கு முன்னால், சர்வர்களை ஒரு தரம் ரீஸ்டார்ட் செய்து பாஸ் வருவதைக் காட்டிவிட்டு, அவர் ஒரு சோதனை கேட்டார். பழுதை இன்னும் அரை மணி நேரம் அப்படியே விட்டுவைக்க வேண்டும், ஆபீஸ் மொத்தமும் எழுந்து வெளியே போக வேண்டும், திரும்பி வந்து முதல் பாஸை ராசியான கைக்காரர் அடிக்க வேண்டும். பிளான்ட் மேனேஜர், ஹெச்.ஆர்., லாரிக்காரர்கள் எல்லோரும் பின்னால் நின்றார்கள். டேப்பை அவிழ்த்தார்கள். மஞ்சுளாவை வேண்டுமென்றே கேட்டுக்கு அப்பால் நிற்க வைத்திருந்தார். நான் எண்ட்டரைத் தட்டினேன். சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. என் ராசி அத்தனை பேர் பார்க்க அங்கேயே முடிந்தது. கல்யாண போட்டோ விஷயத்தை அப்போதே நானே எழுந்து நின்று சொல்லிவிட்டேன். ஜாதகக்காரர் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

மாதக் கடைசியில் மஞ்சுளாவுக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. அந்தக் காகிதத்தை அவள் முதலில் தடயத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பூதக்கண்ணாடி வைத்து மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "தப்பு ஒண்ணும் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். நான் அன்றைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், இனிமே நீங்களும் ஒன்னஞ்சுக்கு வந்துடுங்க" என்றாள். வந்துகொண்டிருக்கிறேன்.

தடயம் இப்போது எங்கள் கம்பெனியில் இல்லை. குந்தாரப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார். சொந்த ஊருக்குக் கொஞ்சம் பக்கம், அங்கேயும் சர்வர் நிற்கிறது என்று சந்தோஷமாகப் போனார். ஆனால் தினமும் மத்தியானம் ஒன்று ஐந்துக்கு என் போனில் ஒரு செய்தி வரும். 'இருக்கியா?' நான் 'இருக்கேன்' என்று போடுவேன். அவ்வளவுதான், அதற்கு மேல் இருவரும் எதுவும் எழுதுவதில்லை. முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தார். ஆறு மாதமாக ஒரு நாள் தவறியதில்லை.

போன வாரம் ஒரு நாள் ஒன்று ஐந்துக்கு வரவில்லை. ஒன்று இருபதுக்கும் வரவில்லை. எனக்கு வேலை ஓடவில்லை. ஒன்றரைக்கு நானே கூப்பிட்டேன்.

"என்னய்யா, இருக்கியா?"

"இருக்கேன் குரு. சந்தைக்கு இந்தாண்ட வண்டி நின்னுடுச்சி. அதத்தான் பாத்துகினு இருக்கேன். ஒன்னஞ்சு ஆனதே தெரியல."

"உதைச்சுப் பாத்தியா?"

"எதுக்கு? தடயம் அழியவா?"

"இரு, வாரேன்" என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஓசூரிலிருந்து அங்கே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். மஞ்சுளா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அன்று சந்தை நாள். மாடு பிடித்துக்கொண்டு போகிறவர்கள் எல்லாம் ஒரு தரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். சாலையோரப் புளியமரத்தடியில் வண்டி நின்றது, அதைச் சுற்றி நான்கு குச்சி நட்டு மஞ்சள் கறுப்பு டேப். டேப்புக்கு வெளியே ஒரு கல்லின் மேல் தடயம். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்.

"வா குரு. கைய மட்டும் மடியில வச்சிக்க."

கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்ரோல் தீர்ந்திருக்கிறது என்று எனக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. சொன்னால் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார், எனக்கோ அந்த மனிதரோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருந்தது.